கல்லூரி விண்ணப்பக் கட்டுரை: நம் பிள்ளைகள் எதை எழுதலாம்?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வணிகர் வீடுகளில் இப்போது புதிதாக ஒரு பேச்சு கேட்கிறது. மார்க் எவ்வளவு வரும், கட்-ஆஃப் எவ்வளவு என்பதோடு "கட்டுரை எழுதியாச்சா?" என்றும் கேட்டுக் கொள்கிறார்கள். ராயப்பேட்டை, ஜாம் பஜார், ஐஸ்ஹவுஸ் வட்டாரத்தில் சென்ற ஓராண்டில் மட்டும் நம்மிடம் இது பற்றி விசாரித்த கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பருப்பு மொத்த வியாபாரியிடம் கல்லூரிக் கட்டுரையைப் பற்றி என்ன விசாரணை என்று சிலருக்குத் தோன்றலாம். நம் வீட்டிலேயே பேரப் பிள்ளைகள் இந்த வழியில் போனதால் கூட இருந்து பார்க்க நேர்ந்தது. பார்த்ததையும் படித்ததையும் நம் உறுப்பினர்களுக்குச் சொல்லி வைப்பது உபயோகமாக இருக்கும்.

நாம் பழகியது மார்க் கணக்கு. பொறியியல் கல்லூரிக்கு 2007-இல் நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்ட பிறகு, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. கலந்தாய்வில் யாரும் "நீ யார்? எப்படி யோசிப்பாய்?" என்று கேட்பதில்லை. கலைக் கல்லூரி விண்ணப்பத்திலும் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம், ஆண்டு வருமானம் என்று ஒரு கட்டம். அதில் "வியாபாரம்" என்று எழுதிவிட்டால் நம்மைப் பற்றிய பேச்சு முடிந்தது. அதனால்தான் வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் "உன்னைப் பற்றி 650 வார்த்தை எழுது" என்று பார்த்ததும் பிள்ளைகளும் திகைக்கிறார்கள், நாமும் திகைக்கிறோம்.

யார் கேட்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்குப் பெரும்பாலான தனியார் கல்லூரிகளும் அரசுக் கல்லூரிகள் பலவும் "காமன் ஆப்" என்னும் பொது விண்ணப்பத்தை ஏற்கின்றன. 1975-இல் 15 கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பித்தது, இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. 250 வார்த்தைக்குக் குறையாமல், 650-க்கு மிகாமல் ஒரு கட்டுரை. ஏழு தலைப்புகள் கொடுத்திருப்பார்கள்: உன் பின்னணி, நீ சந்தித்த தடை, ஒரு கருத்தை நீ மறுத்த சமயம், நன்றி உணர்ந்த ஒரு சந்தர்ப்பம் என்று இப்படிப் போகும். ஏழாவது, உனக்கு இஷ்டமான எதையும் எழுதலாம் என்பது. ஆகவே தலைப்பு கட்டுப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். விஷயம் நல்லதாக இருந்தால் ஏழில் ஒன்றில் அடங்கிவிடும்.

இங்கிலாந்துக்கு விண்ணப்பம் "யூகாஸ்" வழியாகப் போகிறது. அதன் போக்கு வேறு, பின்னால் சொல்கிறோம். நம் நாட்டிலும் ஹரியானாவில் உள்ள அசோகா, நம் சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் மார்க்கோடு எழுத்தையும் பார்க்கின்றன.

மாதிரிச் சரக்கு

மார்க் ஷீட் தனியாகப் போகிறது. ஆசிரியர் கொடுக்கும் பரிந்துரைக் கடிதம் தனியாகப் போகிறது. வாங்கிய பரிசு, ஆடிய விளையாட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பிறகு எதற்குக் கட்டுரை?

லாரியில் நூறு மூட்டை துவரம் பருப்பு வந்து இறங்குகிறது. பில் இருக்கிறது, எடைச் சீட்டு இருக்கிறது. ஆனாலும் நாம் ஒரு மூட்டையில் குத்திக் கைப்பிடி பருப்பை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றிரண்டைக் கடித்தும் பார்க்கிறோம். பில்லில் இல்லாத சங்கதி அந்தக் கைப்பிடியில் தெரிகிறது. கட்டுரை அந்தக் கைப்பிடிதான். அதனால் மார்க் ஷீட்டில் உள்ளதையே கட்டுரையில் திரும்ப எழுதுவது வீண். வகுப்பில் முதலிடம், மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு என்று அடுக்கினால் படிக்கிறவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

இந்த முறைக்கு அவ்வளவு பெருமையான பிறப்பு இல்லை என்பதையும் வியாபாரிகள் தெரிந்து கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கடை வைத்தும் தையல் வேலை செய்தும் பிழைத்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பரீட்சையில் நன்றாகத் தேறிப் பெரிய கல்லூரிகளில் நிறைந்தார்கள். 1922-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லோவல் அவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டப் பார்த்தார். எதிர்ப்புக் கிளம்பியதால் நேரடி வரம்பு நின்றது. ஆனால் 1926 வாக்கில் மார்க்கோடு குணம், ஆளுமை, குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் பார்த்துத்தான் சேர்ப்போம் என்று முறையை மாற்றிக் கொண்டார்கள். கடைக்காரன் பிள்ளையை வெளியே நிறுத்த உண்டான சாதனம் அது. இன்று அதே சாதனத்தில் கடைக்காரன் பிள்ளைக்குச் சாதகமும் இருக்கிறது என்பதுதான் நாம் சொல்ல வருவது. ஆனால் நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஒரே குறி போட்ட மூட்டைகள்

நம்மிடம் காட்டப்பட்ட கட்டுரைகளில் எவையெல்லாம் வந்தன? அநாதை இல்லத்துக்குப் போய் ஒரு நாள் உணவு பரிமாறியது. கால்பந்தில் கடைசி நிமிடத்தில் தோற்று அதில் பாடம் கற்றது. டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வாழ்க்கை தந்த ஊக்கம். சிங்கப்பூர் சுற்றுலாவில் சுத்தத்தைப் பார்த்து வியந்தது. இவற்றில் பொய் இல்லை, தப்பும் இல்லை. ஆனால் மேலே உள்ள பெயரை மறைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையன் பெயரைப் போட்டாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.

இங்கிலாந்தில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2007-இல் யூகாஸ் நிறுவனம் சுமார் 50,000 விண்ணப்ப எழுத்துகளைக் கணினியில் ஒன்றோடொன்று ஒப்பிட வைத்தது. எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டி வைத்துச் சோதனை செய்து, பைஜாமாவில் ஓட்டை விழுந்தது, அன்றிலிருந்து விஞ்ஞானத்தில் ஆர்வம் என்று எழுதியவர்கள் 234 பேர்! வயதான அல்லது நோயுற்ற தாத்தாவைக் கொண்டு வந்தவர்கள் 175 பேர். எங்கோ மாதிரிக் கட்டுரையாக அச்சான ஒன்றை எல்லாரும் எடுத்துத் தங்கள் பெயரைப் போட்டுக் கொண்டிருக்கிறார்கள். 234 கடையிலிருந்து வந்த மூட்டையிலும் ஒரே மில்லின் குறி இருந்தால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்?

ஏஜென்சிக்காரர்கள் தரும் கட்டுரையில் உள்ள ஆபத்து இதுதான். எல்லா ஏஜென்சியையும் நாம் குறை சொல்லவில்லை. கடைசித் தேதி, எந்தக் கல்லூரிக்கு என்ன காகிதம், உதவித்தொகைக்கு எங்கே மனுப் போடுவது இவற்றில் உதவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால் கட்டுரையை நாங்களே எழுதித் தருகிறோம் என்று ஒரு தொகை கேட்டால், நீங்கள் வாங்குவது பத்துப் பேருக்கு விற்ற சரக்கு. கணினியிடம் கேட்டு எழுதினாலும் அதே கதைதான். 2023 முதல் காமன் ஆப் விதிகளில், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன் எழுத்தாகக் கொடுப்பது மோசடி என்றே சேர்த்துவிட்டார்கள்.

கடையை எழுதலாமா?

நம் வட்டாரத்தில் ஒரு மளிகைக்காரரின் மகள். பெயர் வேண்டாம். ஏஜென்சி சொன்னபடி அநாதை இல்லக் கட்டுரை தயாராகிவிட்டது. தகப்பனார் நம்மிடம் கொண்டு வந்து, "அண்ணாச்சி, இங்கிலீஷ் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ அந்த இல்லத்துக்கு எத்தனை தடவை போனாய் அம்மா?" என்று கேட்டோம். ஒரு தடவை. "கடைக்கு எத்தனை தடவை போயிருப்பாய்?" சிரித்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சாயங்காலம் கடன் நோட்டு எழுதுவதே அந்தப் பெண்தான்.

பேச்சுவாக்கில் ஒன்று சொல்லிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்று வடிந்த பிறகு, அப்பா கடன் நோட்டை வாங்கிச் சில பெயர்களுக்கு நேரே குறுக்குக் கோடு போட்டுவிட்டாராம். கூட்டிப் பார்த்தால் பதினெட்டாயிரத்துச் சொச்சம். நம் வீட்டு அரிசியும்தானே நனைந்தது, நமக்கு யார் கோடு போடுவார்கள் என்று பெண் சண்டை போட்டிருக்கிறது. அப்பா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் ஆறு மாதம் தனியாக ஒரு தாளில் குறித்து வந்திருக்கிறது: கோடு போட்ட வீடுகளில் எத்தனை பேர் திரும்பி வந்து வாங்குகிறார்கள், எத்தனை பேர் வெட்கப்பட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்று. திரும்பி வந்தவர்கள் அதிகம். ஆனால் கணக்குப்படி அப்பாவுக்கு நஷ்டம்தான். அப்பா செய்தது சரியா என்று தனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை என்றது பெண்.

இதை எழுது என்றோம். தகப்பனாருக்குக் கோபம். "கடன் கொடுத்து ஏமாந்த கதையை அமெரிக்காக்காரனுக்குச் சொல்லணுமா?" என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் கணக்கை வெளியே சொல்லி நமக்குப் பழக்கமில்லை. வாடிக்கையாளர் பெயர் எதுவும் வராமல், தொகையைக் கூடத் தகப்பனார் சம்மதம் கேட்டு எழுதுவது என்று முடிவாயிற்று. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. கட்டுரையால்தான் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது, மார்க்கும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் இன்னொருவர் பெயரைப் போட முடியாது.

கவனிக்க வேண்டியது, விஷயம் கடை அல்ல. கடையில் அந்தப் பெண் தானாகச் செய்த ஒரு காரியமும், அதில் தீராமல் நின்ற ஒரு கேள்வியும்தான் விஷயம். "எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், காலை 5 மணிக்கு எழுந்து உழைக்கிறார், உழைப்பின் மதிப்பை அறிந்தேன்" என்று எழுதினால் அதுவும் பைஜாமாக் கட்டுரை போலத்தான் ஆகும்.

அமெரிக்காவிலேயே 2016-இல் டெலவேர் மாநிலத்து மாணவி ஒருவர் காஸ்ட்கோவைப் பற்றி எழுதிய கட்டுரை பத்திரிகைகளில் பேசப்பட்டது. காஸ்ட்கோ என்பது நம் மொத்தக் கடை போல மூட்டையாகவும் பெட்டியாகவும் விற்கிற, சந்தாக்காரர்கள் மட்டும் நுழையும் பெரிய கிடங்குக் கடை. ருசி பார்க்க இலவசமாகத் துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். குழந்தையாய் அம்மாவோடு போன நாள் முதல் அங்கே பார்த்த பொருள்கள் தன் மனத்தில் என்னென்ன கேள்விகளை எழுப்பின என்று அந்தப் பெண் வேடிக்கையாக எழுதியிருந்தார். ஐந்து ஐவி லீக் கல்லூரிகளிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இடம் கிடைத்தது. கடை அவருக்குச் சொந்தமும் இல்லை! நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் பணம் பற்றி எழுதும் ரான் லீபர் என்பவர் 2013 தொடங்கிப் பல ஆண்டுகள், பணம், வேலை, ஏற்றத்தாழ்வு பற்றி மாணவர்கள் எழுதிய விண்ணப்பக் கட்டுரைகளைக் கேட்டு வாங்கித் தேர்ந்தெடுத்து வெளியிட்டார். அங்கே இது கௌரவக் குறைவான விஷயமாகப் பார்க்கப்படுவதில்லை.

நம் பிள்ளைகள் ஏன் கடையை ஒளிக்கிறார்கள்? பள்ளியில் நண்பர்களின் பெற்றோர் டாக்டர், கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். தகப்பனார் என்ன செய்கிறார் என்றால் "பிசினஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக் கொள்கிறார்கள். இதில் நம் பங்கும் உண்டு. "நீயாவது படித்து இந்தக் கல்லாவை விட்டுப் போ" என்று பத்து வருஷம் சொல்லி வளர்த்த பிள்ளை, அந்தக் கல்லாவை எழுத வேண்டிய விஷயமாக எப்படி நினைக்கும்? வேறு சிலருக்கு, பிள்ளை கடையில் இருந்ததாக எழுதினால் சட்டப்படி குற்றமாகுமோ என்ற பயம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில், சொந்தக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதை அனுமதிக்கிறது. படிப்புக் கெடாமல் சாயங்காலம் கணக்கு எழுதியதைச் சொல்ல அஞ்ச வேண்டியதில்லை.

கடையில் தேடினால் விஷயம் நிறைய அகப்படும். கொசுறு ஒன்றே போதும். காய்கறி வாங்கினால் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் சும்மா போடுகிறோம். பில் போடும் கடையில் அதற்கும் ஒரு விலை. சும்மா கொடுப்பது உண்மையில் சும்மாவா, அதன் விலை எந்தப் பொருளில் ஏறியிருக்கிறது என்று யோசிக்கிற பிள்ளைக்கு 650 வார்த்தை போதாது. 2020-இல் ஊரடங்கின்போது பன்னிரண்டு வயதில் தகப்பனாரின் செல்போனில் வந்த ஆர்டர்களை வரிசைப்படுத்திய பையன், யார் வீட்டுச் சாமானை முதலில் கட்டுவது என்று எப்படி முடிவு செய்தான்? படிக்கத் தெரியாத பாட்டிக்கு யூ.பி.ஐ. சத்தத்தை நம்ப வைக்க முயன்று தோற்ற பெண், பாட்டி எதை நம்புகிறார் என்று கண்டு கொண்டது என்ன? கடையோடு சம்பந்தமே இல்லாமல், பாரதி சாலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தின் ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பைப் பின்தொடர்ந்த பிள்ளையும் உண்டு. கடைக்காரர் பிள்ளை கடையைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

போர்ட் டிரஸ்ட் குமாஸ்தாவின் கடிதம்

இந்த ஊரிலிருந்து வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போன விண்ணப்ப எழுத்துகளில் மிகப் பேர் பெற்றது எது என்று கேட்டால், 1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைத்தான் சொல்ல வேண்டும். கல்லூரி விண்ணப்பம் என்ற பெயர் அதற்கு இல்லை. ஆனால் அது செய்த வேலை அதுதான். ராமானுஜனின் தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. நம் வணிகத் தெருவில் சம்பளம் வாங்கிய குடும்பம். ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறாமல், கடைசியில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவானவர். நமக்கு அடுத்த திருவல்லிக்கேணியிலும் குடியிருந்திருக்கிறார்.

காட்ட மார்க் இல்லை, பட்டம் இல்லை. கடிதத்தின் தொடக்கத்தில், தான் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா, முறையான பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, ஓய்வு நேரத்தில் கணக்குப் போடுகிறேன் என்று சில வரிகளில் சொல்லிவிட்டார். தான் ஏழை என்பதையும் ஓரிரு சொல்லில் குறிப்பிட்டார். மீதிப் பக்கமெல்லாம் அவர் கண்டுபிடித்த கணக்குகள், சுமார் 120. அதே கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கும் எழுதி அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல எழுத்தும் எல்லாக் கதவையும் திறப்பதில்லை. ஹார்டி படித்தார். 1914-இல் ராமானுஜன் கப்பலேறினார், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

நம் பிள்ளைகள் ராமானுஜன்கள் அல்லர். ஆனாலும் அவர் கடிதத்தில் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். வறுமைக்கு ஓரிரு வரி, தன் வேலைக்குப் பல பக்கம். நாம் பார்க்கும் கட்டுரைகளில் இது தலைகீழாக இருக்கிறது. கஷ்டத்துக்கு ஐந்நூறு வார்த்தை, அந்தக் கஷ்டத்தில் பிள்ளை என்ன செய்தது என்பதற்கு இரண்டு வரி.

கஷ்டம் போதாதென்று கற்பனையாகச் சேர்ப்பதும் நடக்கிறது. 2024-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹை பல்கலைக்கழகத்தில் படித்த நம் நாட்டு மாணவர் ஒருவர் கைதானார். மார்க் ஷீட், வருமானக் காகிதம் எல்லாம் போலி. உதவித்தொகைக்காக, உயிரோடு இருக்கிற தகப்பனாருக்கு மரணச் சான்றிதழும் தயாரித்திருந்தார். இணையத்தில் பெயர் போடாமல் தானே பெருமையாக எழுதியதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். படிப்பும் போய், வழக்கில் குற்றத்தை ஒப்புக் கொண்டு ஊருக்குத் திரும்பினார். கடையில் உட்கார்ந்து உழைத்துப் பணம் அனுப்பும் தகப்பனைக் காகிதத்தில் சாகடித்து வாங்கிய இடம்! இதை நம் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். "கொஞ்சம் மிகைப்படுத்தினால் தப்பில்லை" என்று சொல்லும் ஏஜென்ட் எவராயினும் அன்றே கணக்கைத் தீர்த்துக் கொள்வது நல்லது.

பெற்றோர் எங்கே நிற்க வேண்டும்?

இதுதான் கஷ்டமான இடம். நம்மில் பலர் தென் மாவட்டத்திலிருந்து மஞ்சள் பையோடு எழும்பூரில் வந்து இறங்கி, கடையில் பொட்டலம் மடித்து, கடையிலேயே படுத்து, பிறகு சொந்தக் கடை வைத்தவர்கள். பிள்ளை கட்டுரை எழுதப் போகிறது என்றதும் இந்தக் கதை நமக்கு ஞாபகம் வருகிறது. "இதை எழுதுடா, கண்ணீர் வரும்" என்கிறோம். கண்ணீர் வரலாம். ஆனால் படித்து முடித்தவர் அந்தத் தகப்பனைத்தான் கல்லூரியில் சேர்க்க விரும்புவார். பிள்ளையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தாத்தாவை எழுதிய 175 பேருக்கும் நேர்ந்தது இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. நம் கதை பெரியதுதான். அதை எழுத வேறு இடம் இருக்கிறது, இந்தச் சஞ்சிகையே இருக்கிறது.

விஷயத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளையோடு தமிழில் பேசுங்கள். யாரும் சொல்லாமல் நீயாகச் செய்த காரியம் எது, எதில் மனம் மாறினாய், எதைப் பற்றி அப்பாவோடு சண்டை போட்டாய், எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக் கொள்ள வேண்டும். பிள்ளை எந்த இடத்தில் வேகமாகப் பேசுகிறதோ, தேதியும் தொகையும் ஆள் சொன்ன வார்த்தையும் தானாக வந்து விழுகிறதோ, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதைச் செல்போனில் பதிவு செய்து வைத்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். நேரே ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் பாடப் புத்தக வாக்கியம்தான் வருகிறது. பள்ளி ஆங்கில ஆசிரியர் இலக்கணம் திருத்தலாம். விஷயத்தை அவர் மாற்றினால் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த விஷயத்தைச் சோதிக்க நாம் சொல்லும் வழி, அதைப் பற்றி அறியாத ஒரு பெரியவர் பத்து நிமிடம் கேள்வி கேட்கட்டும். பதில் வந்து கொண்டே இருந்தால் சரக்கு சொந்தச் சரக்கு. மூன்றாவது கேள்வியில் பிள்ளை தரையைப் பார்த்தால் வேறு விஷயம் தேடுவது மேல். சில கல்லூரிகள் நேர்முகமாகவும் பேசிப் பார்க்கின்றன, அங்கே தலை குனிவதைவிட வீட்டில் குனியலாம்.

இங்கிலாந்துக்கு இந்த ஆலோசனை முழுவதும் பொருந்தாது. அவர்கள் வாழ்க்கைக் கதை கேட்பதில்லை, எடுக்கப் போகும் பாடத்தில் உள்ள அக்கறையைக் கேட்கிறார்கள். 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட எழுத்துக்குப் பதில் மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு உன்னை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. பொருளாதாரம் படிக்க விரும்பும் பிள்ளை, 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது அரசு ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதையும் அதனால் பக்கத்துக் காய்கறிக் கடையில் என்ன நடந்தது என்பதையும் எழுதலாம், அதோடு அதை விளக்கும் புத்தகம் எதைப் படித்தது என்றும் சொல்ல வேண்டும். பி.இ. முடித்து எம்.எஸ். போகிறவர்கள் எழுதும் நோக்க அறிக்கையும் அப்படியே. அங்கே செய்த புராஜெக்டும் மேலே ஆராய விரும்புவதும்தான் முக்கியம், கொசுறுக்கு அங்கே இடமில்லை.

அமெரிக்கப் படிப்பு விவரங்களுக்கு எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனை நிலையம் சென்னையில் இருக்கிறது, இங்கிலாந்து விவரங்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சில் இருக்கிறது. பணம் கட்டி ஏஜென்சியில் உட்காருவதற்கு முன் அங்கே விசாரிப்பது நலம்.

தேதிகளைக் குறித்துக் கொள்ளுங்கள். காமன் ஆப் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-இல் திறக்கிறது. முன்கூட்டிச் சேர விரும்புகிறவர்களுக்கு அநேகக் கல்லூரிகளில் நவம்பர் 1, மற்றவர்களுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி முடிகிறது. கெடு நேரம் அவரவர் ஊர்க் கடிகாரப்படி இரவு 11.59. யூகாஸில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15, மற்றவற்றுக்கு 2026 சேர்க்கையில் ஜனவரி 14 என்று வைத்தார்கள். அங்கே மாலை 6 மணி என்றால் நமக்கு அக்டோபரில் இரவு 10.30, ஜனவரியில் இரவு 11.30. ஆயுத பூஜை, தீபாவளி வியாபாரமும் அரையாண்டுத் தேர்வும் இதே மாதங்களில்தான் வருகின்றன. ஆகையால் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதைப் பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையிலேயே வைத்துக் கொண்டு, பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய ஆசிரியர்களிடம் ஜூலைக்குள் சொல்லி வைத்துவிட வேண்டும்.